உறங்கும் கிருமிகளுக்கு மருந்து தேடும் முறை

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே காலிலிருந்து மூன்று முறை சீழ் மாதிரி வந்தது. மன்னார்குடிப் பக்கத்தைச் சேர்ந்த, நீரிழிவு உள்ள விவசாயி ஒருவரின் கால் அது. மூன்று முறையும் வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. மூன்று முறையும் அதே மருந்துகளுக்கு நேரே ‘கட்டுப்படும்’ என்று எழுதி அனுப்பினோம். மருந்து எடுத்துக்கொண்ட நாட்களில் புண் வற்றியது. நிறுத்திய ஐந்தாறு வாரங்களில் அதே இடத்தில் மறுபடியும் சீழ் கட்டியது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி அந்த மருந்தைத் தாண்டி எப்படி உயிரோடு இருக்கிறது என்ற கேள்விதான் என்னை இந்த ஆய்வுக்குள் கொண்டுவந்தது. திருச்சி முதல் நாகை வரையுள்ள கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, நாள்பட்ட தொற்றுகளுக்கான மருந்தாய்வில் இறங்க விரும்பும் மாணவர்களுக்காக, எங்கே தொடங்க வேண்டும், எந்த இடங்களில் தடம் மாறிவிடும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தைத் தேடுவதற்கு முன்னால் சோதனையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாம் வழக்கமாகச் செய்யும் சோதனை, கிருமி வளர்வதை மருந்து தடுக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. மருந்தை எடுத்துவிட்ட பிறகு அந்தக் கிருமி திரும்பி வருமா என்று அது கேட்பதே இல்லை. ஆனால் அந்த விவசாயிக்குத் தேவைப்பட்ட பதில் இரண்டாவது கேள்விக்கு உரியது.

எதிர்ப்பதும் தாக்குப்பிடிப்பதும்

எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி, மருந்து இருக்கும்போதே பெருகும். தாக்குப்பிடிக்கும் கிருமி, மருந்து இருக்கும்போது பெருகாது, சாகவும் செய்யாது. மருந்து விலகியதும் விழித்துப் பெருகும். ஒரே செல்லின் வாரிசுகளான கோடிக்கணக்கான செல்களில் மிகச் சில மட்டும் இந்த நிலையில் இருக்கும்போது அவற்றைப் பெர்சிஸ்டர் என்கிறோம். பெனிசிலின் வளரும் செல்களையே கொல்கிறது, ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று தப்பிவிடுகிறது என்பதை கிளாடிஸ் ஹாபியும் அவருடைய குழுவினரும் 1942இலேயே பதிவுசெய்தார்கள். 1944இல் ஜோசப் பிக்கர், ஸ்டஃபைலோகாக்கஸ் குடுவைகளில் பெனிசிலினுக்குத் தப்பிய செல்களை மீண்டும் வளர்த்துப் பார்த்து, அவற்றின் வாரிசுகள் முன்போலவே பெனிசிலினுக்குச் சாகின்றன என்று காட்டி, இந்தப் பெயரையும் சூட்டினார். தப்பிப் பிழைத்தது மரபணு மாற்றத்தால் அல்ல, அந்தச் செல் அந்நேரத்தில் இருந்த நிலையால் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 2004இல் நதாலி பாலபனும் அவருடைய குழுவினரும் ஈ. கோலை செல்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, தப்பியவற்றில் பல மருந்து வருவதற்கு முன்னரே வளர்ச்சியை நிறுத்தியிருந்தன என்று கண்ணால் காணவைத்தார்கள்.

காரணம் எளிது. பெனிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. கட்டும் வேலையே நடக்காத செல்லில் கெடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஜென்டாமைசின் என்ற மற்றொரு கிருமிக்கொல்லி மருந்து உள்ளே நுழைவதற்கே செல்லின் சவ்வில் மின்விசை வேண்டும். உறங்கும் செல்லில் அது குறைந்திருக்கிறது.

நம் வயலில் இதற்கு நிகரான ஒன்று உண்டு. கோரைக்கு மருந்தடித்தவர்களுக்குத் தெரியும், மேலே தழை கருகிவிடும், பத்து நாளில் அதே இடத்தில் புதுக் குருத்து நீட்டும். இலை துளிர்த்து வளரும்போதுதான் களைக்கொல்லி தழை வழியாகக் கிழங்குக்கு இறங்கும்; மண்ணுக்குள் முளைக்காமல் கிடக்கும் கிழங்கை அது தொடுவதில்லை. அதனால்தான் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் வயலுக்குத் தண்ணீர் விட்டு, களையை முளைக்கவிட்டு, முளைத்ததை மடக்கி உழுதுவிட்டுப் பிறகு பரம்படிக்கும் பழக்கம் இருக்கிறது. விழிக்கவைத்துக் கொல்வது என்ற இந்த வழியை மருந்தாய்வும் முயன்று வருகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கொல்லும் வேகத்தை அளத்தல்

முதலில் உங்கள் கிருமிக்கு எம்.ஐ.சி., அதாவது வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவு, என்ன என்று அளந்துகொள்ளுங்கள். பின்னர்ச் சோதனை செய்யப்போகும் அதே ஊடகத்தில், அதாவது கிருமி வளரும் அதே ஊட்டநீரில், அளக்க வேண்டும். இந்த அளவு உங்களுக்கு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. இந்தச் சோதனையின் வழக்கமான குழித்தட்டில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல்கள்; ஒரு குழியில் இருப்பது 0.1 மில்லிலிட்டர், ஆகவே 50,000 செல்கள். பெர்சிஸ்டர்கள் 10 லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால், அந்தக் குழிக்குள் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. இல்லாத ஒன்றை எந்தச் சோதனையாலும் காட்ட முடியாது என்பதைப் பல ஆய்வுத்திட்டங்கள் கவனிப்பதே இல்லை.

ஆகவே குடுவைக்கு மாறுங்கள். உறைநிலையில் வைத்திருக்கும் மூலத்திலிருந்து எடுத்து, இரவு முழுதும் வளர்த்த கல்ச்சரை, அதாவது ஊடகத்தில் பெருகிய கிருமிக் கூட்டத்தை, இரண்டு விதமாகப் பயன்படுத்த வேண்டும். ஒன்று, அதையே வளர்ச்சி நின்ற நிலையில் எடுத்துக்கொள்வது. மற்றொன்று, புதிய ஊடகத்தில் குறைந்தது 1,000 மடங்கு நீர்த்து, செல்கள் சுறுசுறுப்பாகப் பிளக்கும் நிலைக்குக் கொண்டுவருவது. போதிய அளவு நீர்க்காவிட்டால் முந்தைய இரவின் உறங்கும் செல்களே புதிய குடுவைக்குள்ளும் வந்துவிடும். நீங்கள் அளப்பது எந்த நிலையை என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். இரண்டு கல்ச்சர்களிலும் எம்.ஐ.சி.யைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ மருந்தைச் சேர்த்து, 37 டிகிரியில் குலுக்கியபடி வைத்து, தொடக்கத்திலும், 1, 2, 4, 6, 8, 24 மணி நேரங்களிலும் மாதிரி எடுங்கள். நோயாளியின் இரத்தத்தில் மருந்து எட்டக்கூடிய அளவிலும் ஒரு குடுவை இருக்கட்டும். உடலில் எட்ட முடியாத அளவில் கிடைக்கும் வெற்றி ஆய்வறிக்கைக்கு உதவும், நோயாளிக்கு உதவாது.

ஒவ்வொரு மாதிரியையும் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேல்நீரை அகற்றி, உப்புநீரில் இரண்டு முறை கழுவிய பிறகே அகார் தட்டில் பரப்ப வேண்டும். இந்தக் கழுவலை யாரும் சோம்பலில் விட்டுவிடக் கூடாது என்பதற்கு எங்கள் அனுபவமே சாட்சி. நொச்சி இலைச் சாற்றைச் சோதித்தபோது 24 மணி நேரத் தட்டில் ஒரு காலனிகூட, அதாவது உயிருள்ள செல் பெருகி உண்டாக்கும் புள்ளி ஒன்றுகூட, இல்லை. இரண்டு நாள் மகிழ்ச்சியோடு திரிந்தோம். மூன்றாம் நாள் தட்டுகளை வரிசையாக மேசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான், நீர்க்காத மாதிரியின் தட்டு வெறுமையாகவும், அதே மாதிரியை 100 மடங்கு நீர்த்த தட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட காலனிகளும் இருந்ததைக் கண்டோம். நீர்த்ததில் கிருமி குறைய வேண்டும், கூடக் கூடாது. செல்கள் குடுவையில் சாகவில்லை. மாதிரியோடு சேர்ந்து வந்த சாறு தட்டில் அவற்றை முளைக்கவிடாமல் தடுத்திருக்கிறது, நீர்த்ததும் அந்தத் தடை விலகியிருக்கிறது. கழுவிவிட்டுத் திரும்பச் செய்தோம். நொச்சிச் சாறு எதையும் கொல்லவில்லை.

தட்டுகளை மறுநாளே எண்ணிவிட்டு எறியாதீர்கள். உறக்கத்திலிருந்து எழும் செல்கள் தாமதமாக முளைக்கும். 48 மணி நேரமும், முடிந்தால் 72 மணி நேரமும் இன்குபேட்டரில் வைத்து மறுபடி எண்ணுங்கள். காலனி இல்லை என்றாலும் பூச்சியம் என்று எழுதாதீர்கள். 0.1 மில்லிலிட்டர் பரப்பிய தட்டு வெறுமையாக இருந்தால், மில்லிலிட்டருக்குப் 10க்கும் குறைவு என்றே சொல்ல முடியும். அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால், முழு மாதிரியையும் செறிவாக்கிப் பரப்ப வேண்டும்.

இப்போது உயிருள்ள செல்களின் எண்ணிக்கையை மடக்கை அளவில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்கு) நேரத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு மட்டமாகிக் கிடந்தால் அது பெர்சிஸ்டர்களின் அடையாளம். ஒரே சீராக, ஆனால் மெதுவாக இறங்கினால், கூட்டம் முழுவதுமே தாக்குப்பிடிக்கிறது. இறங்கிவிட்டு மேலே ஏறினால், எதிர்ப்புத்திறன் பெற்ற செல்கள் தலையெடுத்திருக்கலாம், அல்லது மருந்து சிதைந்து தீர்ந்திருக்கலாம். உறுதிசெய்வதற்கு, 24 மணி நேரத் தட்டிலிருந்து காலனிகளை எடுத்து வளர்த்து, எம்.ஐ.சி.யை மறுபடி அளந்து, முழுச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும். எம்.ஐ.சி. மாறாமலும் அதே வளைவு கிடைத்தும் இருந்தால், பிக்கர் கண்டதையே நீங்களும் காண்கிறீர்கள். பாலபன் உள்ளிட்ட பல ஆய்வாளர்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வரையறைகளும் இதே ஒழுங்கைத்தான் கேட்கின்றன. உங்கள் முடிவுகளைப் பிறர் ஒப்பிட்டுப் பார்க்க, 99 சதவீதம் செல்கள் சாக எத்தனை மணி நேரம் ஆனது என்ற அளவையும் தவறாமல் எழுதுங்கள்.

துளசி, வேம்பு, குப்பைமேனி என்று இலைச்சாறுகளை வட்டத்தாளில் நனைத்து, தட்டில் தெளிந்த வளையத்தின் விட்டத்தை அளக்கும் திட்டங்கள் ஆண்டுதோறும் நம் கல்லூரிகளில் நடக்கின்றன. மாணவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வளையம் வளரும் செல்கள் தடைபட்டதை மட்டுமே காட்டும். உறங்கும் செல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கிருமி இருக்கும் இடத்தைச் சோதனைக்குள் கொண்டுவருதல்

குடுவையில் மிதக்கும் கிருமியும் புண்ணில் ஒட்டிக்கிடக்கும் கிருமியும் ஒன்றல்ல. நாள்பட்ட புண்ணிலும், சிறுநீர்க் குழாயிலும், எலும்பில் பொருத்திய உலோகத் தகட்டிலும் கிருமிகள் தாமே சுரந்த பசைக்குள் படலமாக வாழ்கின்றன. படலத்தின் அடியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு; அங்குதான் உறக்கம் மிகுதி. இந்தப் படலத்தை வளர்த்துச் சோதிப்பதற்காக, மூடியிலிருந்து சிறு முளைகள் குழிகளுக்குள் தொங்கும் கால்கரி சாதனம் 1999இல் அறிமுகமானது; அது கிடைக்காவிட்டால், சிலிக்கோன் சிறுநீர்க் குழாயை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, அதில் படலம் வளர்த்து, மருந்தில் ஊறவைத்து, கழுவி, ஒலி அதிர்வால் பிரித்தெடுத்து எண்ணலாம். எங்களுக்கு இந்த எளிய முறை போதுமானதாக இருந்தது.

அமிலத்தன்மையையும் கவனியுங்கள். காசநோய் மருந்தான பைரசினமைடு, நடுநிலை ஊடகத்தில் காசக்கிருமியை ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை. குழித்தட்டை மட்டும் நம்பியிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும். 1952 வாக்கில் எலிகளில் சோதித்ததால்தான் அதன் ஆற்றல் தெரியவந்தது. அமிலம் மிகுந்த இடங்களில் மெதுவாக வாழும் கிருமிகளை அது தாக்குகிறது. ரிஃபாம்பிசின் என்ற மற்றொரு மருந்தோடு அது சேர்ந்த பிறகே, ஒன்றரை ஆண்டு வரை நீண்ட காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. உங்கள் சோதனையில் எந்தச் சூழலை வைக்கிறீர்களோ, அந்தச் சூழலுக்கு உரிய மருந்துதான் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மருந்தை எங்கே தேடுவது

மூன்று வழிகள் உண்டு. உறங்கும் நிலையிலேயே கொல்வது, விழிக்கவைத்துக் கொல்வது, உறங்கவிடாமல் தடுப்பது. மூன்றாவதில் இன்னும் கைக்கு எட்டியது குறைவு என்பதால் முதல் இரண்டையே சொல்கிறேன்.

உறங்கும் செல்லுக்கும் சில வேலைகளை நிறுத்த முடியாது. அது தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் சிறிதளவாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுவிலின் காசக்கிருமியில் அந்த இயந்திரத்தையே நிறுத்துகிறது. சவ்வைக் கிழிக்கும் சேர்மங்களும் உறங்கும் செல்லைக் கொல்லும். ஆனால் நம் செல்லுக்கும் சவ்வு உண்டு. ஆகவே இத்தகைய சேர்மம் கிடைத்த அன்றே சிவப்பணுக்களை உடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மணி நேர வேலை, இரண்டு ஆண்டு வீண் உழைப்பைத் தடுக்கும். 2013இல் கிம் லூயிஸின் பாஸ்டன் குழு, ஏ.டி.இ.பி.4 என்ற சேர்மம் ஸ்டஃபைலோகாக்கஸின் புரதம் வெட்டும் நொதியைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டு, செல் தன் புரதங்களைத் தானே செரித்துச் சாகும்படி செய்கிறது என்று காட்டியது. ஆனால் அந்த நொதியை இழந்தும் இந்தக் கிருமி வாழக்கூடியது என்பதால், தனியே கொடுத்தால் எதிர்ப்பு எளிதில் தோன்றும். ரிஃபாம்பிசினோடு சேர்த்தபோதுதான் குடுவையிலும் எலியின் ஆழ்ந்த தொற்றிலும் கிருமி முற்றிலும் ஒழிந்தது. இதனால்தான் சேர்க்கை மருந்தையே தொடக்கத்திலிருந்து சோதிக்கும்படி சொல்கிறேன்.

விழிக்கவைக்கும் வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு 2011இல் ஜேம்ஸ் காலின்ஸ் குழு செய்தது. மானிட்டால், ஃபிரக்டோஸ் போன்ற எளிய சர்க்கரைகளைக் கொடுத்ததும் உறங்கும் செல்லின் சவ்வில் மின்விசை திரும்பியது. அதன் வழியே ஜென்டாமைசின் உள்ளே நுழைந்து கொன்றது. செல் பெருகத் தொடங்கவே தேவையில்லை, கதவு திறக்கும் அளவுக்கு ஆற்றல் வந்தால் போதும். இந்த வழியில் ஒரு எச்சரிக்கை உண்டு. விழிக்கவைக்கும் பொருள் திசுவுக்குள் போய்ச் சேர்ந்து, கொல்லும் மருந்து போய்ச் சேராவிட்டால், முளைக்கவிட்டு உழாமல் விட்ட வயலின் கதிதான் நோயாளிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை எட்டுகின்றனவா என்பதை விலங்குச் சோதனையில் நிரூபிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

புதிய சேர்மமே வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். 1998இல் சுவிட்சர்லாந்தில் வெளியான ஆய்வொன்றில், எலும்பில் பொருத்திய சாதனத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று கண்டவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசினும் கொடுத்தபோது, சிகிச்சையை முடித்த 12 பேரும் குணமானார்கள். ரிஃபாம்பிசின் இல்லாதவர்களில் 12க்கு 7 பேரே குணமானார்கள். பழைய மருந்துகளின் சேர்க்கை, கத்தியால் சுத்தம் செய்தல், கால அளவு ஆகியவையும் ஆய்வுப் பொருள்களே.

திரும்பி வருவதை அளத்தல்

1950களில் வால்ஷ் மெக்டெர்மட் குழுவினர் காசநோய் கண்ட எலிகளுக்கு ஐசோனியசிடு என்ற காசநோய் மருந்தும் பைரசினமைடும் 12 வாரம் கொடுத்தார்கள். உறுப்புகளில் ஒரு கிருமியும் வளரவில்லை. மருந்தை நிறுத்திவிட்டு மூன்று மாதம் காத்திருந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலிகளில் நோய் திரும்பியது. சிகிச்சை முடிந்த அன்று எண்ணுவது போதாது, காத்திருந்து எண்ண வேண்டும் என்பதை அந்த ஆய்வு நிலைநாட்டியது. உங்கள் விலங்குச் சோதனையிலும் ஒரு பிரிவு எலிகளை மருந்து நிறுத்திய பின் வைத்திருக்கத் திட்டமிட்டு, அதற்கான செலவையும் விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதலையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

டெல்டாவில் இந்தக் கேள்வி மெலியாய்டோசிஸ் நோயில் மிகக் கூர்மையாக நிற்கிறது. 1912இல் ரங்கூனிலிருந்து ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் முதன்முதலில் விவரித்த நோய் இது. கிருமி ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வது; சேற்றில் நின்று வேலை செய்யும், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி. தொற்று 62 ஆண்டுகள் மறைந்திருந்து வெளிப்பட்ட நிகழ்வுகூடப் பதிவாகியுள்ளது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ நரம்பு வழியே குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள், அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம் என்று சிகிச்சை நீள்வதே எஞ்சிய கிருமிகளுக்காகத்தான். ஆனால் இந்தக் கிருமியையும் காசக்கிருமியையும் கல்லூரி ஆய்வகத்தில் வளர்க்க முயலவே கூடாது. அவற்றுக்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். காசநோய்க்குச் சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களோடு இணைந்து செய்யுங்கள். உங்கள் முறைகளை ஈ. கோலையிலும் ஸ்டஃபைலோகாக்கஸிலும் கற்றுக்கொள்ளலாம்.

மனிதர்களிடம் சோதனை என்பது 2019இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, நெறிக்குழு ஒப்புதலோடும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவோடும், மருத்துவர்கள் நடத்த வேண்டியது. அதில் நுண்ணுயிரியலாளர் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் வளர்ந்த கிருமியைக் கிளிசராலில் கலந்து கழித்தல் 80 டிகிரியில் சேமிப்பது. நோய் திரும்பும்போது, வந்திருப்பது பழைய கிருமியா, சேற்றிலிருந்து புதிதாக ஏறியதா என்பதை மரபணுத்தொகுதி ஒப்பீடுதான் சொல்லும். பழைய மூலம் இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை. அந்த மன்னார்குடி விவசாயியின் முதல் மாதிரியை நாங்கள் சேமிக்காமல் விட்டோம். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே இருக்கின்றன. அந்த இழப்பு இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

மற்றொன்று, மறுபரிசோதனை நாட்களை நோயாளியின் ஆண்டோடு பொருத்துவது. மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று தாளில் எழுதிவிட்டால், நடவு நாளிலும் அறுவடை நாளிலும் யாரும் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார்கள். சென்னையில் 1956இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியும் என்று காட்டியது, வீடு தேடிச் சென்று பார்த்தவர்களின் உழைப்பால்தான். நாங்கள் இப்போது முதல் சந்திப்பிலேயே நோயாளியின் வீட்டாரிடம் எந்தப் போகம், எப்போது நடவு, எப்போது அறுப்பு என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். சம்பா நடவுக்கு முன் ஒரு முறை, தை அறுவடை முடிந்து ஒரு முறை, குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு முறை, அவர்கள் வர முடியாத வாரத்தில் மாதிரிக் குப்பியோடு நாங்களே போகிறோம்.